வெள்ளை ரசத்தில் விழுந்த அழுகை

கோயில் மணி அடித்து ஓய்ந்து, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கி, மிக்கேல்பட்டி வீடுகளில் செபமாலை நான்காம் பத்தைத் தொட்டிருந்த வேளையில், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் அதைப் பூனை என்றார்கள். பூனை வளர்க்கிற பக்கத்து வீட்டுப் பிரகாசி அக்கா, எந்தப் பூனைக்கும் இவ்வளவு கோபம் வராது என்றதும் நரி என்றார்கள். நரி மலையை விட்டு இறங்கி வருஷக்கணக்காகிறதே என்றதும் யாரோ செல்போனில் வைத்திருக்கிற பாட்டு என்றார்கள். நான் மட்டும் கீழே குனிந்து பார்த்தேன். என் மடியில் என் மகள் ஜெனோவா வாயை முழுசாகத் திறந்து, முகம் செக்கச் சிவந்து, காலை உதறி உதறி அழுதுகொண்டிருந்தாள். அவளிடமிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. அவள் மூச்சை உள்ளே இழுத்தபோது சாமான் அறைச் சத்தம் நின்றது. மூச்சை விட்டபோது அங்கே மறுபடி தொடங்கியது.

என் மாமியார் ஞானசௌந்தரி, செபமாலையில் ஒரு மணியை விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டு ஜெனோவைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கோயிலைப் பார்த்தார், மறுபடி ஜெனோவைப் பார்த்தார்.

"நம்ம புள்ளதான். பசிக்குதாம். பாலைக் குடு" என்றார்.

கொடுத்தேன். கோயிலுக்குப் பின்னால் சத்தம் நின்றது. மாமியார் அடுத்த மணிக்குப் போனார்.

பால்முத்துத் திராட்சையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பந்தலுக்குக் கீழே நின்று தலையைத் தூக்கினாலும் கறுத்த பன்னீர்த் திராட்சைதான் தொங்கும். மிக்கேல்பட்டியில் மட்டும், கோயில் கிணற்றை ஒட்டிய ஒரே ஒரு கல்லுக்கால் பந்தலில், வெளுத்த பச்சையில், உள்ளே இருக்கிற விதை வெளியே தெரிகிற ஒரு சின்னத் திராட்சை காய்க்கும். யாரும் நட்டதில்லை. கோயிலுக்கு முன்பே கொடி இருந்தது. கொடிக்கு முன்பே கிணறு இருந்ததா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு, இரண்டு கட்சிக்கும் பெண் கொடுத்து எடுக்கிற வழக்கம் சமீபத்தில்தான் வந்தது. முதன்முதலாகக் குதிரையில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டு, அந்தப் புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டு, மூடின கண் பொழுது சாயும்வரை திறக்காமல், அந்த ஒற்றைக் கண்ணோடேயே முழங்காலிட்டு, "இது மனுஷன் தின்கிறதுக்கு இல்லை, திருநாளுக்குத்தான் ஆகும்" என்றாராம். அதிலிருந்து அந்தக் கொடியில் விளைவது அத்தனையும் வெள்ளை ரசமாகிறது. வெந்தயம் ஊறின தண்ணீர் நிறத்தில் இருக்கும். முதல் மடக்கு கன்னத்தில் அறையும், இரண்டாவது மடக்கு வலிக்குதா என்று கேட்டுத் தடவிக் கொடுக்கும், மூன்றாவது மடக்கை, கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் தரமாட்டார்.

கல்லறைத் திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பழம் மிதிப்பார்கள். ஆண்கள் தொட்டியில் இறங்குவதற்கு முன்னால், ஊரில் கடைசியாக ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையின் பாதங்களை, இன்னும் தரையில் நடந்து அழுக்காகாத அந்தப் பாதங்களை, பழத்தின்மேல் வைத்து எடுக்க வேண்டும். வைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை அழுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அதற்காகவே உபதேசியார் தொம்மை பக்கத்தில் நின்று பிள்ளையின் கீழுதட்டையே பார்த்துக்கொண்டிருந்து, அது பிதுங்கின மாத்திரத்தில் "போதும்" என்பார். எந்தத் தலைமுறையிலும் ஒரு பிள்ளையும் தொட்டிக்குமேல் அழுததில்லை. அழுதால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, யாரும் அழாததால்.

இந்த வருஷம் ஸ்டூடியோ லூர்து வந்திருந்தான். மறைமாவட்டக் காலண்டருக்குப் படம் வேண்டும் என்று பங்குச்சாமி ஃபாதர் ஹிலாரி அவனை வரச் சொல்லியிருந்தார். ஜெனோவைப் பிடித்திருந்தது பட்டுச்சேலை கட்டின என் மாமியார். பாதம் பழத்தில் பட்டது. லூர்து ஒரு படம் எடுத்தான். "இன்னொண்ணு பெரியம்மா, இந்தத் தடவ கொஞ்சம் சிரிங்க" என்றான். என் மாமியாரின் பல்லை அவர் கல்யாணப் படத்தில்கூட யாரும் பார்த்ததில்லை. "சிரிச்சுட்டுத்தான இருக்கேன்" என்றார் அவர், கொள்ளிக்கட்டை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. ஊரே கூடி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தது. அந்தச் சமயத்தில் உபதேசியார் தொம்மை, ஆயுசில் முதல் தடவையாக, பிள்ளையின் உதட்டை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துத் தலைமுடியைக் கோதினார். ஜெனோ அழுதாள். நேராகக் கீழே பார்த்து, தொண்டையில் இருந்தது முழுவதும் பழத்துக்குள் இறங்குகிற மாதிரி அழுதாள். அப்புறம் மற்றவர்கள் மிதித்தார்கள், சாற்றைச் சால் என்கிற பெரிய மண்பானையில் ஊற்றினார்கள், சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் போட்டு வாயைத் துணியால் கட்டினார்கள், மாதா கெபியில் எரிந்து மிஞ்சின மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி அதன்மேல் ஊற்றி முத்திரையிட்டார்கள், காற்று வெளியேற ஒரு மூங்கில் குழலைச் செருகினார்கள். வைத்த முத்திரையைக் கிறிஸ்மஸ் வரை எந்தக் காரணத்துக்கும் உடைக்கக் கூடாது. அன்றிலிருந்து ஜெனோ சத்தமே போடவில்லை. பிள்ளை சமர்த்தாகிவிட்டாள் என்று வீட்டில் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நான் மட்டும் ராத்திரியில் எழுந்து எழுந்து அவள் மூச்சைத் தொட்டுப் பார்த்தேன். சாலுக்குள் ரசம் நுரைகட்டிப் பொங்கத் தொடங்கின அன்று சாயங்காலம்தான் அந்த மூங்கில் குழல் வழியாக என் மகள் அழுதாள்.

மறுநாள் ஊர் முழுக்க வரிசையில் நின்று சாலைப் பார்த்தது. ஃபாதர் ஹிலாரி குழலில் காதை வைத்துக் கேட்டார். குருமடத்தை விட்டு வந்து இரண்டாவது வருஷம் அவருக்கு; படித்த புத்தகத்தில் எல்லாம் சால் இல்லை.

"மந்திரிச்சுத் தண்ணி தெளிக்கவா?" என்று உபதேசியாரிடமே கேட்டார்.

"எதுக்குச் சாமி? இந்தக் குரல் போன மாசந்தான் ஞானஸ்நானம் வாங்கிச்சு. நீங்கதான குடுத்தீக?"

"அப்ப என்னதான் செய்ய?"

"என்ன செய்ய, புள்ள அழுதா என்ன செய்வோம்? ஏய் யாராச்சும் அந்த டெல்பினுப் புள்ளையக் கூப்புடுங்க, பால் குடுக்கட்டும்."

டெல்பின் நான்தான். அதோடு அந்த விஷயம் ஊருக்கு முடிந்துபோனது. கிணற்றில் மோட்டார் போட்டால் தண்ணீர் வருகிற மாதிரி, ஜெனோவுக்குப் பசித்தால் சால் அழும் என்பது ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பழகிப்போயிற்று. கோயில் பக்கம் போகிறவர்கள் எதிர்வீட்டுக்குச் சொல்ல, எதிர்வீடு அடுத்த வீட்டுக்குச் சொல்ல, "டெல்பினூ, சால் அழுவுது!" என்பது தெரு முழுக்க உருண்டு வந்து என் வாசலில் நிற்கும். சாலுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டும் என்று பிரகாசி அக்கா மையோடு போனாள்; சாலுக்கு எது கன்னம் என்பதில் வாக்குவாதமாகி, கடைசியில் நாலு பக்கமும் வைத்துவிட்டு வந்தாள். ஜெனோவைத் தொட்டிலில் ஆட்டினால் சால் தூங்கியது. சாலுக்குத் தாலாட்டுப் பாடினால் ஜெனோ தூங்கினாள். இதைக் கண்டுபிடித்த பிறகு, வேலைவெட்டி இல்லாத ஆண்கள் சாமான் அறை வாசலில் உட்கார்ந்து சீட்டு ஆடுவதை விட்டுவிட்டு ஆராரோ பாடக் கற்றுக்கொண்டார்கள். யாருக்கும் அடுத்த வரி தெரியாததால் ஒரே வரியைப் பாடினார்கள். திராட்சை லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சூசை, கோட்டயம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போன் பண்ணுவார்.

"ஜெனோ என்ன செய்யிறா?"

"என் மடியில தூங்குறா. சால்ல சிணுங்குறா."

"அப்ப போனை சாலுக்கிட்டக் கொண்டு போயி வையி. சத்தத்தைக் கேட்டு நாளாச்சு."

நான் கோயிலுக்கு நடந்து போய்க் குழலில் போனை வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் அந்தப் பக்கம் "எந்தங்கம், எம் பட்டு, அப்பா வந்துருவேன்" என்று சாலைக் கொஞ்சுவார்.

ஊருக்கு இல்லாத பயம் எல்லாம் எனக்குத்தான் இருந்தது. எலி துணியைக் கடித்துவிடுமோ, சால் புழுக்கத்தில் கீறல் விடுமோ, கோயில் வேலைக்கு வருகிற கொத்தன் கைமறதியாகச் சாய்த்துவிடுவானோ, மூங்கில் குழலுக்குள் குளவி கூடு கட்டி என் பிள்ளை குரலில் மண் அடைத்துக்கொள்ளுமோ, என்று புதுசு புதுசாகப் பயந்தேன். கான்வென்ட்டில் படிக்கும்போது, பேசினவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதிவைப்பாள். என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை, அதற்காக மதர் எனக்கு ஒரு சின்ன மாதா சுரூபம் பரிசு கொடுத்திருக்கிறார். சத்தம் இல்லாமல் இருப்பதற்குப் பரிசு வாங்கினவளுக்குச் சத்தமில்லாத பிள்ளை வாய்த்ததோ என்று நினைத்தாலே பால் கட்டிக்கொண்டது.

கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் கடைசி வாரத்தில் சாலின் அழுகை மாறியது. இழுவை கூடியது. நடுநடுவே விக்கல். ஒரு மத்தியானம் அழுதுகொண்டே இருந்த சால் காரணமில்லாமல் கிளுகிளு என்று சிரித்தது. என் மடியில் ஜெனோவும் கண் சொருகி வாயைக் கோணிச் சிரித்தாள். உபதேசியார் குழலில் மூக்கை வைத்து இழுத்து, கண்ணை மூடி யோசித்தார்.

"சரியா கிறிஸ்மஸுக்குப் பக்குவம். தள்ளிப் போனா புளிச்சுக் காடியாயிடும்."

"காடியானா என் மகள் குரல் என்னாகும், மாமா?" என்றேன்.

"குரலும் காடிதான். நம்ம பிரகாசி பேசுறால்ல, அந்த மாதிரி ஆயிடும்."

"இந்தா, தொம்மையண்ணே, நான் இங்கனதான் நிக்கிறேன்" என்றாள் பிரகாசி அக்கா.

"தெரியும்த்தா, காது கூசுதுல்ல."

ரசத்தை என்ன செய்வது என்று பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பேசினார்கள். கீழே கொட்டினால் குரல் சாக்கடைக்குப் போகும். பிள்ளைக்கே குடிக்கக் கொடுக்கலாம் என்று நான் சொன்னதும், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உபதேசியார் எழுந்து, வழக்கம்போல ஆளுக்கு ஒரு மூடி குடித்துவிடுவோம், குரல் ஊருக்குள்ளேயே பத்திரமாக இருக்கும், பிள்ளைக்கு வேண்டும்போது ஆளாளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்.

"எப்படித் திருப்பிக் குடுப்பீக?" என்றேன்.

"குடுப்போம்த்தா. நாம எங்க போயிடப் போறோம்? ஆட்டுக்கல்லு, அருவாமனை வாங்கினாத் திருப்பிக் குடுக்கலையா?"

"எங்க குடுத்த?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எங்கப்பா காலத்து ஏணி இன்னும் உன் வீட்டுக் கொல்லையிலதான் சாஞ்சு கெடக்கு."

ஏணிப் பேச்சு பெரிதாகி, இரண்டு குடும்பத்தின் மூன்று தலைமுறை இழுக்கப்பட்டு, அது சமாதானமானபோது மூடி விஷயம் முடிவாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

கிறிஸ்மஸ் பூசை முடிந்ததும் மெழுகை உடைத்தார்கள். ஒரு குவளை குடிலுக்கு முன் வைத்தார்கள். மிச்சத்தை உபதேசியார் வெள்ளி மூடியில் ஆளாளுக்கு ஊற்றினார். முதல் மடக்கு எல்லோரையும் அறைந்தது. இரண்டாவது மடக்கு எல்லோரையும் தடவிக் கொடுத்தது. ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று அடியில் நின்றதை நானே சாலுக்குள் தலையைவிட்டு வழித்துக் குடித்தேன். ஃபாதர் ஹிலாரி மைக்கைப் பிடித்து, "அன்புக்குரியவர்களே, இந்தப் பெருவிழாவில்" என்று தொடங்கினார். அந்த நேரம் ஜெனோவுக்குப் பசித்தது.

ஊரே அழுதது.

மைக்கில் ஃபாதர் ஹிலாரி "வீல்" என்றார். உபதேசியார் தொம்மை, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, ஜெனோவின் நீளமான உச்சத்தை விடாமல் இழுத்தார். பிரகாசி அக்காவுக்கு வந்தது வெறும் விக்கல். துபாய்க்குப் போகப் பெட்டி கட்டியிருந்த அவள் மகன் நெல்சனுக்கு வந்தது மூச்சுத் திணறி நிறுத்துகிற அந்த நடுப்பகுதி. லூர்து கேமராவைப் பிடித்தபடி மூக்கை உறிஞ்சினான். பாடகர் குழு நாலு குரலில் அழுதது, முதல் தடவையாகச் சுதி சேர்ந்திருந்தது. என் மாமியார் ஞானசௌந்தரி வாயில் அழுகையே வரவில்லை. சாலுக்குள் ஒரு மத்தியானம் கேட்டதே, அந்தக் கிளுகிளுச் சிரிப்பு வந்தது, பல் தெரிய. எனக்கு வந்தது யாருக்கும் கேட்கவில்லை.

பாலைக் கொடுத்தேன். ஊர் அமைதியானது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபாதர் விட்ட இடத்திலிருந்து கேட்டார்கள்.

அதற்கப்புறம் மிக்கேல்பட்டியில் பிள்ளை வளர்ப்பது சுலபமாகிவிட்டது. ஜெனோவின் பசி மற்றவர்கள் வாயில் வந்துகொண்டிருந்ததால், அவளுக்குப் பசிக்கக் கூடாது என்பதில் ஊருக்கே அக்கறை வந்தது. ஏல மண்டியில் விலை கேட்டு நிற்கிறவன், தான் வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து, போகும்போதே என் வாசலில் வண்டியை நிறுத்தி, "மதினி, பால் குடுத்தாச்சா? நான் இன்னைக்கு வியாபாரம் பேசணும்" என்பான். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஏழாம் வாய்ப்பாட்டு நடுவில் வீறிட்டு, பிள்ளைகளையும் அழவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை விம்மினதைப் பார்த்து, இளகின மனசு என்று பெண்வீட்டார் சம்மதித்தார்கள். எனக்கு நேரத்துக்குச் சோறு வந்தது. பூண்டுக் குழம்பும் கருவாடும் பால் சுரக்கும் என்று பாத்திரம் பாத்திரமாக வந்தது. தண்ணீர்க் குடத்தை நான் தூக்கி நாளாயிற்று. அதுவரை என் வீட்டுப் பிள்ளையின் துணியை யார் துவைக்கிறார்கள் என்று கேட்காத ஆண்கள், ஈரத்தில் அவள் நெளிந்தால் தங்களுக்கு நெஞ்சு விம்மியதால், கொடியில் காய்கிற துணி போதுமா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனோவின் காதில் ஊதிப் பார்த்தார்கள். வாய்க்கு நேராக வாயை வைத்து இருமிப் பார்த்தார்கள். நான் ஜெனோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வாயைத் திறந்து மூடுவாள், கிணற்று மீன் மாதிரி. ஜனவரியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த கையோடு நெல்சன் துபாய்க்குப் போகிறான் என்று தெரிந்த அன்று நான் பிரகாசி அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அவன் போகக் கூடாது அக்கா. என் மகள் குரலில ஒரு துண்டு அவன்கிட்ட இருக்கு."

"விசா வந்துருச்சுத்தா, என்ன செய்யட்டும்? லீவுக்கு வரும்போது குடுத்துடச் சொல்றேன்."

"அதுவரைக்கும் அங்க அவன் தொண்டையில இருக்குமா? வெயில்ல காஞ்சு போச்சுன்னா?"

நெல்சன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நானும் அதான் சித்தி பயப்புடுறேன். அங்க நான் முப்பதாவது மாடியில கம்பி கட்டணும். சாரத்துல நிக்கும்போது ஒங்க மகளுக்குப் பசிச்சா என்ன செய்ய?"

ராஜாக்கள் திருநாளன்று குடிலைப் பிரிப்பதற்கு முன்னால், பாலன் இயேசு சுரூபத்தின் பாதத்தை எல்லோரும் முத்தி செய்வது வழக்கம். சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முத்தத்துக்கும் பஞ்சால் பாதத்தைத் துடைப்பவர் உபதேசியார் தொம்மை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கூட்டம் முடிந்து தன் முறைக்கு அவர் சுரூபத்தைப் பீடத்தில் வைத்துவிட்டுக் குனிந்தார். பக்கத்தில் ஜெனோவைத் தோளில் சாய்த்து நான் நின்றிருந்தேன். அவள் பாதம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உபதேசியார் பயபக்தியோடு என் மகளின் உள்ளங்காலில் முத்தமிட்டு, பஞ்சால் துடைத்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜெனோ கத்தினாள்.

பேச்சில்லை, அழுகையும் இல்லை. உச்சத்திலிருந்து நீளமாக ஒரு இழுப்பு, தொடக்கமும் முடிவும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. உபதேசியார் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"போயிருச்சு" என்றார். "எனக்குப் போயிருச்சுடா! ஏய், கதவைச் சாத்துங்கடா, எவனும் வெளிய போகாதீக. பழத்துல பட்ட கால்தான, அது வழியாத்தான் திரும்பும்!"

அன்று மிக்கேல்பட்டியில் ராஜாக்கள் திருநாள் விருந்து மத்தியானம் தாண்டித்தான் நடந்தது. ஃபாதர் ஹிலாரி முதலாவதாக வந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முத்தமிட்டார், வீறல் திரும்பியது. பாடகர் குழு நாலு பேராக வந்தது. உள்ளங்கால் கூசியதால் ஜெனோ வருகிறவர்கள் மூக்கில் எல்லாம் உதைத்தாள், அப்படி உதை வாங்கினவர்கள் புனிதம் பெற்ற முகத்தோடு போனார்கள். உபதேசியார் ஒவ்வொரு தடவையும் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "அடுத்து, அடுத்து, நின்னு கொஞ்சாத, பின்னால ஆள் நிக்குது" என்று விரட்டினார். மாப்பிள்ளைக்காரன் மட்டும் கல்யாணம் முடிகிறவரை தவணை கேட்டான். பெண்ணே வந்து அவன் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்தாள். நெல்சன் முத்தமிட்டபோது ஜெனோ குரலின் நடு ஒட்டிக்கொண்டது. பிரகாசி அக்கா விக்கலைக் கொடுத்தாள். ஒவ்வொரு துண்டாக, ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி, என் மகளின் குரல் என் தோள்மேல் நீண்டுகொண்டே வந்தது.

என் மாமியார் வரிசையில் இல்லை. வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஜெனோவோடு போய் முன்னால் நின்றேன்.

"அயித்தை, நீங்க மட்டுந்தான் பாக்கி."

"எனக்கு என்னத்துக்கு அவசரம்? அழுகை எல்லாந்தான் வந்துருச்சுல்ல."

"சிரிப்பு வரலையே."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "ஆத்தா, அறுபது வயசுல முதல் தடவையா வந்துச்சு. உங்க மாமா இருந்தப்ப, நீ சிரிச்சா எப்படித்தான் இருக்கும்னு கேட்டுக்கிட்டே போய்ச் சேந்தாரு. போன வாரம் அவரு படத்துக்கு முன்னால நின்னு சிரிச்சேன். இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கிறட்டா?"

நான் ஜெனோவை இடுப்பில் மாற்றி வைத்தேன். ஜெனோதான் காலை நீட்டினாள். நீட்டி, சரியாக என் மாமியாரின் மூக்கில், வெங்காயத்தில் ஏற்கெனவே ஒழுகியிருந்த மூக்கில், ஓங்கி ஒன்று விட்டாள். என் மாமியார் அந்தக் காலைப் பிடித்து, கடிக்கிற மாதிரி போய், முத்தமிட்டார். ஜெனோ சிரித்தாள், கிளுகிளு என்று, நான் கேட்டு எத்தனை நாளான சிரிப்பு. அதைப் பார்த்து என் மாமியாரும் சிரித்தார். அது கடன் வாங்கின சிரிப்பு இல்லை. கரகரவென்று, அரிசி புடைக்கிற மாதிரி, அவருடையதேதான்.

ஊர் முழுக்கப் பாயசம் காய்ச்சினார்கள். எல்லாம் வந்துவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டுக்குள் கூட்டம் கூட்டமாக வந்து, ஜெனோவைக் கிள்ளி அழவைத்துக் கேட்டு, "இந்தா, இது என்னது", "இல்லல்ல, இந்த இழுப்புதான் என்னது" என்று அடையாளம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். அவள் அழுகையில் ஒரு குறை இருந்தது எனக்குத்தான் தெரிந்தது. அவள் எடுத்த எடுப்பிலேயே நடுவில் தொடங்கினாள். பிள்ளைகள் அழுவதற்கு முன்னால், உதடு பிதுங்கி, தொண்டைக்குள் சின்னதாக ஒன்று கனியுமே, வரட்டுமா என்று அம்மாவைக் கேட்கிற மாதிரி ஒரு முனகல், அது இல்லை. அது இல்லாததால் அவள் எப்போது அழப்போகிறாள் என்று தெரியாமல் அவளே திடுக்கிட்டாள்.

அது என்னிடம் இருந்தது. சாலின் அடியில் நின்றதை வழித்துக் குடித்தவள் நான்தானே. கிறிஸ்மஸிலிருந்து அது என் தொண்டையில் கனிந்துகொண்டே இருந்தது. ஜெனோவுக்குப் பசிக்கும்போது வந்தது, பசிக்காதபோதும் வந்தது. சூசையின் லாரி தெருமுனை திரும்பும்போது வந்தது. பிரசவத்திலிருந்து என்னைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தார்கள், நல்ல ஆட்கள், பத்தியம் சொல்கிறவர்கள், பிள்ளையை இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்கிறவர்கள். ஒருவர் முன்னாலும் நான் முனகினதைத் தாண்டி வாய்விட்டு அழுததில்லை. அந்த முனகலை மட்டும் கொடுத்தால் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்த என்னுடையதெல்லாம் அதோடு சேர்ந்து அந்தச் சின்னப் பாதத்துக்குள் போய்விட்டால் என்ன செய்வது? என் பயத்தையும் அவள் தலையில் கட்டுவதா? முதலில் என்னுடையதை நான் அழுது தீர்க்க வேண்டும்; அப்புறம்தான் அவளுடையதை அவளிடம் சுத்தமாகக் கொடுக்கலாம்.

கூடத்தில் பிரகாசி அக்கா பாயசத்துக்கு முந்திரி போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபாதர் ஹிலாரி இரண்டாவது தம்ளர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஜெனோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள் அறைக்குள் போனேன்.

"எங்கத்தா போற?" என்றார் மாமியார்.

"உள்ள."

"பட்டப்பகல்ல கதவைச் சாத்துற?"

"ஆமா அயித்தை."

"ஆளுக வந்துருக்கும்போது என்னத்தா இது, உள்ள போயி என்ன செய்யப் போற?"

"சத்தம் போடப் போறேன்" என்றேன்.

கூடத்தில் எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். என் மாமியார் வெங்காயக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "என்ன பாக்குறீக? பாயசத்தைக் குடிங்க" என்றார்.

ஜெனோ என் முகத்தைப் பார்த்தாள். என் கீழுதடு பிதுங்கியது. கதவைச் சாத்தி, துருப்பிடித்துப்போன தாழ்ப்பாளைத் தோளால் முட்டி, உள்பக்கம் போட்டேன்.